சுர்ரென்று அடிக்கிறதே, அது என்ன? நிலைமின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மின்விசிறி, ரைஸ் குக்கர், பழைய டிவி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன் 11 ஆண்டுகள் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சாமானைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் சும்மா நிற்பதில்லை, எதையாவது கேட்பார்கள். அதில் நிலைமின் பற்றிய சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். பள்ளிப் பிள்ளைகள், லாரி ஓட்டுநர்கள், தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிறவர்கள் என்று பலரும் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

"வீட்டுல வர்ற கரண்டும் இந்த நிலைமின்சாரமும் ஒண்ணா, வேற வேறயா அண்ணே?"

சரக்கு ஒன்றுதான். தோம்பில் நிற்கிற தண்ணீரும் பைப்பில் ஓடுகிற தண்ணீரும் தண்ணீர்தானே. கம்பியில் எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டே இருந்தால் அதை மின்னோட்டம் என்கிறோம். ஒரு பொருளின் மேல் அவை கூடுதலாகவோ குறைவாகவோ ஆகி, போக வழியில்லாமல் அப்படியே நின்றுவிட்டால் அது நிலைமின்.

வழி கிடைத்தால், நின்றுகொண்டிருந்த அதுவும் ஓடும். கதவுப்பிடியைத் தொடும்போது வருகிற 'சுர்' அந்த ஒரு நொடிக்கும் குறைவான ஓட்டம்தான்.

"சார்ஜ்னா என்ன? போனுக்குச் சார்ஜ் போடுறோமே, அதுவா?"

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அந்த ஒரே சொல். புத்தகத்தில் மின்னூட்டம் என்று போடுவது வேறு. எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் புரோட்டான்கள், அவற்றுக்கு நேர் மின்னூட்டம். சுற்றிலும் எலக்ட்ரான்கள், அவற்றுக்கு எதிர் மின்னூட்டம். ஒரு புரோட்டானின் அளவும் ஒரு எலக்ட்ரானின் அளவும் மிகச் சரியாகச் சமம், குறி மட்டும் எதிர். அதனால் சாதாரணமாக ஒரு பொருளில் கணக்கு நேராகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

கணக்கில் எலக்ட்ரான் கூடினால் அந்தப் பொருளுக்கு எதிர் மின்னூட்டம், குறைந்தால் நேர் மின்னூட்டம். போனுக்குச் சார்ஜ் போடும்போது அதில் எலக்ட்ரான் கூடுவதே இல்லை. ஒரு முனையில் எத்தனை நுழைகிறதோ, மறுமுனையில் அத்தனை வெளியேறுகிறது. பேட்டரிக்குள் வேதி ஆற்றல்தான் சேர்கிறது. நூறு விழுக்காடு காட்டும் போனிலும் மொத்த மின்னூட்டம் சுழியம்தான்.

"தேய்ச்சா எப்படி மின்சாரம் பிறக்குது?"

பிறப்பதில்லை, இடம் மாறுகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சீப்பால் தலை வாரும்போது முடியிலிருந்து சில எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போகின்றன. சீப்புக்கு எவ்வளவு எதிர் மின்னூட்டம் சேர்ந்ததோ, அதே அளவு நேர் மின்னூட்டம் முடிக்கு. அதனால்தான் வாரியபின் முடி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிலுப்பி நிற்கிறது.

எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் குணம் பொருளுக்குப் பொருள் மாறும். கண்ணாடி, முடி, கம்பளி எளிதில் விடும். ரப்பர், பிவிசி, டெஃப்லான் பிடித்து வைத்துக்கொள்ளும். உண்மையில் இரண்டும் தொட்டு விலகினாலே போதும், தேய்ப்பது தொடும் இடங்களைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அந்தத் தொடுதலில் நுணுக்கமாக என்ன நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓயவில்லை. கிரேக்க நாட்டுத் தாலீஸ் காலத்திலிருந்து, 2,600 ஆண்டுகளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்!

அவர்கள் தேய்த்தது அம்பர், அதாவது கல்லாக இறுகிப்போன மரப்பிசின். அம்பருக்குக் கிரேக்கத்தில் எலெக்ட்ரான் என்று பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் 1600இல் இந்தக் குணத்துக்குப் பெயர் சூட்டினார். ரப்பர் மரத்துப் பாலை நம்பிப் பிழைத்த ஊர்க்காரனான எனக்கு, மின்சாரத்தின் பெயரே ஒரு மரப்பிசினிலிருந்து வந்தது என்பதில் ஒரு தனிச் சந்தோஷம்.

"நேர், எதிர்னு யார் முடிவு பண்ணுனது? மாத்தி வச்சிருக்கலாம்ல?"

வைத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733இல் சொன்னவர் பிரான்சின் டுஃபே. அவற்றுக்கு நேர், எதிர் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எது உண்மையில் நகர்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவர் ஊகித்து வைத்தார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது அது எதிர்ப்பக்கம் விழுந்தது. அதனால்தான் இன்றைக்கும் மின்னோட்டம் நேரிலிருந்து எதிருக்குப் போவதாகப் படம் போடுகிறோம், எலக்ட்ரானோ எதிரிலிருந்து நேருக்கு ஓடுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் தலையைச் சொறிவது நியாயம்தான்.

"மகன் பள்ளியில சீப்பு பரிசோதனை செஞ்சான், காகிதம் ஒட்டவே இல்ல. புத்தகத்துல இருக்கிறது பொய்யா?"

பொய் இல்லை. படம் குளிர்நாட்டுக்குப் பொருத்தமாக வரைந்தது, பரிசோதனை செய்தது நம் ஊரில். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அந்த ஈரம் சீப்பின் மேல், காகிதத்தின் மேல், விரலின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். சேர்ந்த எலக்ட்ரான்கள் அதன் வழியாக நழுவிக் கை வழியே போய்விடுகின்றன. ஓட்டைத் தோம்பில் தண்ணீர் பிடித்த கதை.

இப்படிச் செய்து பாருங்கள். குளிர்சாதனம் ஓடுகிற அறையில், கதவை மூடி அரை மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். சீப்புக்குப் பதிலாக அரை மீட்டர் பிவிசி பைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் கடையில் வெட்டி வீசிய துண்டே போதும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள், கையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வேலைக்காகாது. காய்ந்த கம்பளித் துணி அல்லது டிஷ்யூ காகிதத்தால் வேகமாகத் தேயுங்கள். பைப்பைத் தண்ணீர்க் குழாயின் மெல்லிய தாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தாரை வளைந்து வரும். என் கடைக்கு வந்த படிவம் 2 மாணவி இதைப் பார்த்துவிட்டு, பைப்பைத் திருப்பித் தராமலே போய்விட்டாள்.

"காகிதத்துக்குத்தான் மின்னூட்டமே இல்லையே, அப்புறம் ஏன் ஒட்டுது?"

நல்ல கேள்வி, பெரியவர்கள் யாரும் கேட்பதில்லை. எதிர் மின்னூட்டம் உள்ள சீப்பு பக்கத்தில் வரும்போது, காகிதத்தின் மூலக்கூறுகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் கொஞ்சம் பின்வாங்குகின்றன. காகிதத்தை விட்டுப் போகவில்லை, இருந்த இடத்திலேயே ஒதுங்குகின்றன. சீப்பை நோக்கிய பக்கம் சற்று நேராகவும், அந்தப் பக்கம் சற்று எதிராகவும் ஆகிறது. நேரை இழுக்கிற விசையும் உண்டு, எதிரைத் தள்ளுகிற விசையும் உண்டு. ஆனால் நேர் கிட்டே இருக்கிறது.

கிட்டே இருப்பது ஏன் முக்கியம் என்பதை 1785இல் பிரான்சின் கூலும் அளந்து காட்டினார். தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே இழுப்பு ஜெயிக்கிறது, காகிதம் தாவுகிறது. அவர் பெயரிலேயே மின்னூட்டத்தின் அலகும் இருக்கிறது. ஒரு கூலும் என்பது எவ்வளவு பெரிது என்றால், ஒரு மீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றிலும் ஒரு கூலும் மின்னூட்டம் உள்ள இரண்டு பொருள்களை வைத்தால், அவற்றுக்கிடையே உண்டாகும் விசை சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். சீப்பில் சேர்வது அதில் கோடியில் ஒரு பங்கு அளவில்தான்.

"ரப்பர் கரண்டைக் கடத்தாதே, அதுல எப்படி மின்னூட்டம் வரும்?"

கடத்தாததால்தான் வந்தது தங்குகிறது. இரும்புக் கரண்டியைத் துணியால் தேய்த்தாலும் எலக்ட்ரான் இடம் மாறும். ஆனால் கரண்டி முழுக்க ஓடிப் பரவி, பிடித்திருக்கும் கை வழியாகப் போய்விடும். ரப்பரில் விழுந்த எலக்ட்ரான் விழுந்த இடத்திலேயே கிடக்கும். பழைய பள்ளி ஆய்வுக்கூடங்களில் கறுப்பாக ஒரு கோல் இருக்குமே, எபோனைட், அது நம் பால்மரத்து ரப்பரில் கந்தகத்தை அதிகமாகக் கலந்து காய்ச்சி இறுக்கியது.

"பால்மரம் ரப்பர் மரந்தானே? மழை வந்தா அதுக்கடியில ஒதுங்குனா இடி விழாதுன்னு சொல்றாங்களே?"

தயவுசெய்து ஒதுங்காதீர்கள். பாலை உறைய வைத்துக் காய வைத்த ரப்பர் சீட்டுதான் கடத்தாது. மரத்திலிருந்து வடிகிற பாலில் பாதிக்கு மேல் தண்ணீர், அதில் கரைந்த உப்புகளும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான மரமும் அப்படியே. இடி மரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்கும் உங்கள் மேல் பக்கவாட்டில் தாவலாம், வேர் வழியாகத் தரையில் பரவி உங்கள் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கலாம். செம்பனைக் காட்டில் இன்னொரு சங்கதி உண்டு. குலை அறுக்கும் அரிவாளை மாட்டிய நீளமான அலுமினியக் கம்பு அருமையான மின்கடத்தி. தூரத்தில் இடி கேட்டதுமே அதைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் வெயிலிலும் அதே எச்சரிக்கைதான்.

"கோலாலம்பூர் போனா மால்ல டிராலி தொட்டா சுர்ருங்குது, பஸ்ஸை விட்டு இறங்குனா சுர்ருங்குது. ஊர்ல ஏன் இல்ல?"

ஈரப்பதம் பற்றி மேலே சொன்னதன் மறுபக்கம் இது. குளிர்சாதனம் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது, வீட்டுக்குப் பின்னால் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர். காற்று காய்ந்ததும் ஓட்டை அடைபடுகிறது, மின்னூட்டம் தங்குகிறது. இருக்கைத் துணியில் முதுகு உரசி எழும்போதும், ரப்பர் அடிச் செருப்போடு தரைவிரிப்பில் நடக்கும்போதும் உடம்பில் சேர்கிறது. டிராலியின் பிளாஸ்டிக் சக்கரம் உருளும்போது டிராலியிலும் சேர்கிறது.

காடியிலிருந்து, அதாவது காரிலிருந்து, இறங்கும்போது வரும் அடிக்கு ஒரு வழி: இருக்கையை விட்டு எழும் முன்பே கதவின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கால் தரையில் படும்வரை விடாதீர்கள். சேரச் சேரவே போய்விடும், பொறி வராது.

"அது பத்தாயிரம் வோல்ட்டுன்னு படிச்சேன். அப்ப நான் செத்திருக்கணுமே?"

எண்ணிக்கை சரிதான். காற்று உடைந்து பொறி பறக்க ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தாவிய பொறி என்றால் பத்தாயிரத்துக்குக் கிட்டே. ஆனால் வோல்ட் என்பது அழுத்தம் மட்டும்தான். அந்த நேரத்தில் உங்கள் உடம்பில் இருப்பது ஒரு கூலுமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 6 லட்சம் கோடி எலக்ட்ரான். பெரிதாகத் தோன்றும். ஆனால் அதில் உள்ள ஆற்றல், இருபத்தைந்து அரிசி மணிகளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கையில் போட்டால் கிடைக்கும் ஆற்றல்தான். கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தும்விடும்.

வீட்டு இணைப்பில் அழுத்தம் 230 வோல்ட்தான், ஆனால் தீராது. நீங்கள் விடும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கண்ணாடிக் குழாய் டிவி இரண்டுக்கும் நடுவில். திரைக்கு முன்னால் கையை நீட்டினால் முடி சரசரவென்று எழுமே, ஞாபகமா? உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். அணைத்தபின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும், மூடியைத் திறக்கும்போது நாங்கள் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் கை வைப்போம்.

"அப்ப பெட்ரோல் நிலையத்துல பயப்படத் தேவையில்லைதானே?"

அங்கேதான் பயப்பட வேண்டும். உங்களுக்கு வலிக்காத அந்தப் பொறியின் ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல். பெட்ரோல் ஆவி சரியான அளவில் காற்றோடு கலந்திருந்தால் கால் மில்லிஜூலுக்கும் குறைவாகவே பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது காடிக்குள் போய் உட்கார்ந்து திரும்பவும் வெளியே வராதீர்கள். வந்துவிட்டால் குழாயைத் தொடும் முன் தள்ளி நின்று காடியின் இரும்பைத் தொட்டுவிடுங்கள்.

புல் வெட்டும் இயந்திரத்துக்குக் கலனில் பெட்ரோல் வாங்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். பெட்ரோல் குழாய் வழியாக ஓடும்போதே மின்னூட்டம் சேர்த்துக்கொள்கிறது. கலனை லாரித் தளத்திலோ காடியின் பின்பெட்டியிலோ வைத்து நிரப்பினால் அதற்குப் போக வழியில்லை. தரையில் இறக்கி வைத்து, குழாயின் மூக்கு கலனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். மினரல் தண்ணீர்ப் போத்தலில் வாங்குவதைப் பற்றி நான் என்ன சொல்ல!

"டேங்கர் லாரிக்குப் பின்னால தொங்குற சங்கிலி இதுக்குத்தானா?"

அந்த எண்ணத்தில் மாட்டியதுதான், ஆனால் பெரிய பயன் இல்லை. தார்ச்சாலை அவ்வளவாகக் கடத்தாது, சங்கிலியும் பாதி நேரம் தரையைத் தொடுவதில்லை. டயர் கறுப்பாக இருக்கிறதே, அது கரித்தூள் கலப்பதால். அந்தக் கரி டயரைக் கொஞ்சம் கடத்த வைக்கிறது, ஓடும்போது சேர்வது டயர் வழியாகவே இறங்கிவிடும். உண்மையான பாதுகாப்பு, எண்ணெயை ஏற்றி இறக்கும்போது வண்டியை நிலத்தோடு இணைக்கும் கம்பிதான்.

"டயர் கடத்தும்னா, இடி நேரத்துல காடிக்குள்ள பாதுகாப்புன்னு சொல்றது?"

பாதுகாப்புதான், ஆனால் டயரால் இல்லை. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் ஒரு தடையே இல்லை. காப்பாற்றுவது இரும்புக் கூடு. மின்னூட்டம் கடத்தியின் வெளிப்பரப்பிலேயே ஓடும், உள்ளே வராது. மைக்கேல் ஃபாரடே 1836இல் உலோகத் தகடு ஒட்டிய ஒரு பெரிய கூண்டுக்குள் தானே உட்கார்ந்து இதை நிரூபித்தார். கண்ணாடியை ஏற்றி, இரும்பைத் தொடாமல் இருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கூடு கிடையாது. டயர் காப்பாற்றும் என்று நம்பி ஓட்ட வேண்டாம்.

"கோபுரக் கலசமே இடிதாங்கிதான்னு சொல்றாங்களே?"

உயரமான உலோகக் கூர்முனை, இடி அதைத் தேடி வர வாய்ப்புண்டு. வந்தபின் அது இறங்க வழி எங்கே? மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் ஓடும். கலசத்துக்குக் கீழே செங்கல்லும் சிமெண்டும்தான் என்றால், அதிலுள்ள ஈரம் ஆவியாகி வெடித்துச் சுதை சிதறும். இடிதாங்கி என்பது மேலே உள்ள முனை மட்டும் இல்லை, அங்கிருந்து நிலத்தில் புதைத்த தண்டு வரை அறுபடாமல் வரும் தடித்த செம்புப் பட்டையும் சேர்ந்ததுதான். உங்கள் ஊர்க் கோயிலில் அந்தப் பட்டை இருக்கிறதா, இடையில் யாரும் அறுத்து விற்றுவிடவில்லையா என்று திருப்பணிக்குழுவைக் கேளுங்கள்.

மேகத்தில் மின்னூட்டம் வருவதும் சீப்புக் கதைதான். உள்ளே பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் மோதி விலகும்போது எலக்ட்ரான் கைமாறுகிறது. கனமானது எதிர் மின்னூட்டத்தோடு கீழே, லேசானது நேர் மின்னூட்டத்தோடு மேலே. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 3 விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திடலுக்கோ காட்டுக்கோ போகாதீர்கள்.

"என் பொண்ணு தொழிற்சாலையில கையில பட்டை கட்டி வேலை செய்யுது. அது எதுக்கு?"

நானும் கட்டியிருக்கிறேன். நமக்குச் 'சுர்' தெரிய உடம்பில் 2,000 முதல் 3,000 வோல்ட் வரை சேர வேண்டும். சில மின்னணுச் சிப்புகள் 100 வோல்ட்டுக்குக் குறைவிலேயே செத்துப்போகும். நமக்குத் தெரியாமலே கொன்றுவிடுவோம். உடம்பில் சேர்வதை அந்தப் பட்டையின் கம்பி சேரச் சேர நிலத்தில் இறக்கிவிடும். நான் சேர்ந்த முதல் மாதம், பட்டையின் கம்பியை மாட்ட மறந்து ஒரு தட்டு நிறைய மின்சுற்றுப் பலகைகளைத் தொட்டு அடுக்கினேன். சோதனையில் சில அப்போதே விழுந்தன. தேறிய மற்றவைதான் உண்மையான தலைவலி. பாதி அடிபட்டது வாங்கியவர் கையில் போய்ச் சாகும். அதனால் மொத்தத் தட்டையும் ஒதுக்கிவிட்டார்கள். மேற்பார்வையாளர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கம்பியில் பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கும். கடத்தத்தானே கம்பி, தடை எதற்கு என்று உங்கள் பெண் கேட்டால்: தவறி வீட்டு மின்சாரத்தைத் தொட்டுவிட்டால் பெரிய ஓட்டம் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகாமல் அது தடுக்கும். நிலைமின் இறங்க அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை.

"எல்லாத்தையும் எர்த்துல விடுறீங்களே, பூமி ரொம்பிடாதா?"

எட்டு வயதுப் பையன் கேட்டது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பூமியின் மேற்பரப்பில் ஏற்கெனவே சுமார் 5 லட்சம் கூலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. பூமியின் பெரும் பரப்பில் அது பரவிக் கிடக்கிறது, நாம் விடுவது கடலில் ஒரு சொட்டு. அது அப்படியே நிற்பதும் இல்லை. வானம் தெளிவாக இருக்கும் இடங்களிலெல்லாம் காற்று வழியாக மெல்லக் கசிகிறது, உலகம் முழுவதும் சேர்த்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல். நிரப்பாமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எங்கோ ஓரிடத்தில் எப்போதும் இடித்துக்கொண்டிருக்கும் மழைமேகங்கள் அதைத் திரும்ப நிரப்புகின்றன.

தெளிந்த நாளில் திடலில், ஒரு மீட்டர் உயரத்துக்கு 100 வோல்ட் வீதம் வேறுபாடு இருக்கும். அப்படியானால் என் தலைக்கும் காலுக்கும் நடுவில் 150 வோல்ட்டா என்று பையன் அடுத்த கேள்வியைப் போட்டான். திடலில் நீ நிற்காதபோது இருக்கும், நீ போய் நின்றதும் இருக்காது. உன் உடம்பு கடத்தி, பூமியோடு சேர்ந்து நிற்கிறது, தலையும் காலும் ஒரே அளவுக்கு வந்துவிடும் என்றேன். அவன் நம்பாமல் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அம்மாவின் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனான்.